நாடகத் துறையில் வாத்தியார் யார்?

டிகிரி முடித்த பிள்ளைகள் சிலர் நம்மிடம் வந்து, மேற்கொண்டு நாடகம் படிக்கலாமா என்று கேட்கிறார்கள். வீட்டில் கேட்டால் ஒரே பதில்தானாம்: "தாத்தன் எழவு வீட்டில் அடித்தது போதாதா, காலேஜுக்குப் போயும் அதையே அடிக்கணுமா?"

இந்தக் கேள்வியைப் பழைய மனிதர்களின் அறியாமை என்று தள்ளிவிட நம்மால் முடியாது. சாவுக்குப் பறையடிக்க மாட்டோம், செத்த மாட்டைத் தூக்க மாட்டோம் என்று சொன்னதற்காக ஊர்க்கட்டுப்பாட்டையும் அடி உதையையும் தாங்கியவர்கள் நம் முன்னோர். அவர்கள் தூக்கி எறிந்த கருவியை இன்று பல்கலைக்கழகம் பாடமாக வைத்திருக்கிறது. எறிந்தது சரியா, எடுத்தது சரியா என்ற விவாதம் தலித் இயக்கத்துக்குள் இன்னும் முடியவில்லை. இரண்டுமே சரிதான் என்பது நம் கருத்து. கட்டாயத்தின் பேரில் அடிப்பது வேறு, உரிமையோடு அடிப்பது வேறு. ஆனால் அந்த உரிமை வகுப்பறைக்குள் யார் கையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்குக் கொஞ்சம் வரலாறு வேண்டும்.

1855இல் ஜோதிராவ் புலே மராத்தியில் 'த்ருதீய ரத்னா' என்ற நாடகத்தை எழுதினார். சோதிடம், பரிகாரம் என்ற பெயரில் ஒரு புரோகிதன் ஏழை உழவர் தம்பதியை மொட்டையடிக்கிறான். கடைசியில் அந்தக் கணவனும் மனைவியும் புலேவின் இரவுப் பள்ளியில் படிக்கக் கிளம்புகிறார்கள். எழுத்தைக் கற்பதற்கே ஒரு நாடகம்! பரிசுக்காகத் தட்சிணைப் பரிசுக் குழுவுக்கு அனுப்பினார். அது ஏற்கப்படவில்லை. குழுவில் பார்ப்பனர் செல்வாக்கு எப்படி வேலை செய்தது என்பதை 'குலாம்கிரி' நூலில் அவரே எழுதியிருக்கிறார். அரங்கத்தின் வாசலில் நமக்கு முதலில் கிடைத்தது தேர்வாளர் கொடுத்த மறுப்புத்தான்.

சரியாக நூறு ஆண்டு கழித்து, 1955இல், அவுரங்காபாத் மிலிந்த் கல்லூரி. மக்கள் கல்விக் கழகத்தின் மூலம் அம்பேத்கர் நிறுவிய கல்லூரி அது. அங்கே பணியாற்றிய பேராசிரியர் எம்.பி. சிட்னிஸ் எழுதிய 'யுகயாத்ரா' நாடகம் கல்லூரி விழாவில் அம்பேத்கர் முன்னிலையில் நடந்தது. தீண்டப்படாதவர்கள் யுகம் யுகமாகப் பட்ட பாடுதான் கதை. அடுத்த ஆண்டு நாக்பூரில் பௌத்தம் தழுவக் கூடிய பெருங்கூட்டத்தின் முன்பும் அதே நாடகம் நடத்தப்பட்டது. கல்லூரி நாடகம் என்றால் ஆண்டுவிழாக் கேளிக்கை என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு ஆண்டுகளை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டின் பாதை வேறு மாதிரி. இங்கே நாடகப் பயிற்சி என்பது வெகுகாலம் கல்லூரிக்கு வெளியேதான் இருந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் காலத்துப் பாய்ஸ் கம்பெனிகளில் பாட்டும் வசனமும் அடி வாங்கியே மனப்பாடமாயின. தெருக்கூத்து சமாவிலும் அப்படித்தான், ராத்திரி ராத்திரியாகப் பின்பாட்டுப் பாடித் தேறி வரவேண்டும். இரண்டு இடத்திலும் கற்றுக்கொடுப்பவருக்கு ஒரே பெயர்: வாத்தியார்.

1977இல் காந்திகிராமத்தில் நடந்த நாடகப் பயிற்சி முகாம் ஒரு திருப்பம். டெல்லி தேசிய நாடகப் பள்ளியில் படித்துத் திரும்பிய செ. ராமானுஜம் போன்றவர்கள் முறையான அரங்கக் கல்வியை இங்கே கொண்டுவந்தார்கள். எண்பதுகளில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நாடகத் துறை வந்தது. புதுவைப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் நிகழ்கலைப் பள்ளி வந்தது. அதே காலத்தில், 1984 முதல், நாட்டார் வடிவங்களை எடுத்துப் புதிய நாடகம் செய்யும் இளம் இயக்குநர்களுக்குச் சங்கீத நாடக அகாதெமி நிதி கொடுத்தது. வேர்களைத் தேடுகிறோம் என்றார்கள். வேர் எங்கே இருந்தது? சேரியில் இருந்தது. ஒப்பாரியும் பறையும் கரகமும் ஒத்திகைக் கூடத்துக்குள் வந்தன. ராமானுஜத்தின் 'வெறியாட்டம்' கிரேக்க நாடகமான 'ட்ரோஜன் பெண்க'ளின் அழுகையை நம் ஒப்பாரியில் கேட்க வைத்தது. நல்ல நாடகம்தான். ஆனால் ஒப்பாரி வந்த அளவுக்கு ஒப்பாரி பாடும் பாட்டிகளின் பேத்திகள் அந்தத் துறைகளுக்குள் வந்தார்களா?

ஒருவர் வந்தார். இளையான்குடிப் பக்கம் மாரந்தையில் 1955இல் பிறந்த கே.ஏ. குணசேகரன். இஸ்லாமியர் நிறைந்த இளையான்குடியில் உணராத தீண்டாமையைச் சுற்றுக் கிராமங்களில் சந்தித்ததை 'வடு' தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். மேடைகளில் பாடியே வளர்ந்தவர். இன்குலாபின் 'மனுசங்கடா' பாட்டை ஊர் ஊராகக் கொண்டுபோன குரல் அவருடையது. 'பலி ஆடுகள்' நாடகத்தில், சாதி கேட்கும் பலிக்குத் தலித் உடம்பு தள்ளப்படுவதோடு நிறுத்தாமல், தலித்துகளுக்குள்ளும் பெண்ணுடம்பு எப்படி முன்னால் தள்ளப்படுகிறது என்பதையும் காட்டினார். நம் கூட்டங்களில் அதைப் பேச இன்றும் தயங்குகிறோம், அது தனிக்கதை. பிறகு அவர் புதுவை நிகழ்கலைப் பள்ளியின் பேராசிரியராக, தலைவராக இருந்தார். சேரிப் பாட்டைப் பதிவு செய்துகொண்டு போக வந்தவராக இல்லாமல், அதைப் பாடத்திட்டத்தில் வைக்கும் இடத்திலேயே உட்கார்ந்தார். ரோகித் வெமுலாவை இழந்த அதே 2016 சனவரியில் அவரையும் இழந்தோம்.

ஒரு குணசேகரனைக் காட்டிக் கணக்கை முடிக்க முடியாது. இன்றைக்கும் பறை ஆசான் ஒருவர் கல்லூரிக்கு வந்தால் பெரும்பாலும் மூன்று நாள் பட்டறை, ஒரு பொன்னாடை, பஸ் செலவு. மதிப்பெண் போடுகிறவர் வேறொருவர். 2025இல் பறைக்காக மதுரை வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள், நாமும் மகிழ்ந்தோம். ஆனால் எவ்வளவு பெரிய ஆசானாக இருந்தாலும், கல்லூரிப் பட்டம் இல்லாவிட்டால் நிரந்தர உதவிப் பேராசிரியர் ஆக முடியாது என்பதே விதி. பட்டம் வாங்கிய நம் பிள்ளைகளின் நிலையாவது பரவாயில்லையா? அரசுப் பள்ளிகளில் 2022 முதல் கலைத் திருவிழா நடக்கிறது, நாடகப் போட்டி உண்டு. நாடக ஆசிரியர் என்ற பணியிடம் மட்டும் இல்லை. நாடகம் படித்தவர்கள் சினிமா வாசலில் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே கேட்க வந்த பிள்ளைகளிடம், படியுங்கள் என்றுதான் சொன்னோம். படித்துக்கொண்டே ஒரு வேலையும் செய்யச் சொன்னோம். பட்டம் இல்லாத துறை வல்லுநர்களையும் பேராசிரியர்களாக அழைக்க 2022இல் யுஜிசி ஒரு வழி திறந்தது. அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் 10 சதவீதம் வரை, அதிகபட்சம் 4 ஆண்டுகள். நிரந்தரம் இல்லைதான், இட ஒதுக்கீட்டைச் சுற்றிவரும் கொல்லைப்புற வழியாக இது மாறிவிடுமோ என்ற அச்சமும் நமக்கு உண்டு. அதனால்தான் கணக்குக் கேட்க வேண்டும். உங்கள் பல்கலைக்கழகத்தில் இந்த வழியில் வந்தவர்கள் எத்தனை பேர், அதில் கூத்து வாத்தியார், பறை ஆசான் எத்தனை பேர், நாடகத் துறையில் எஸ்.சி. பணியிடங்கள் எத்தனை, எத்தனை காலி? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட 10 ரூபாய்தான் கட்டணம். பதில் வந்ததும் நமக்கு ஒரு நகல் அனுப்புங்கள்.