சிறு சொல்லைத் தேடிய துறவி

ஒரு நூலாசிரியரின் கருத்தை அறிய முற்படுவோர் அவர் கையாண்ட பெருஞ்சொற்களையே முதலில் நாடுவர். இத்தாலி நாட்டு யேசு சபைத் துறவி ரொபேர்த்தோ பூசாவும் அவ்வாறே தொடங்கினார். பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பேரறிஞர் புனித தோமஸ் அக்குவைனஸ் 'உடனிருத்தல்' என்பது பற்றி என்ன கருதினார் என்பதே அவரது ஆராய்ச்சி. அப்பொருள் தரும் இலத்தீன் பெயர்ச்சொற்களை அட்டவணைகளிற் பார்த்தார், பயன் அதிகமில்லை. கருத்தெல்லாம் 'இன்' என்னும் சின்னஞ்சிறு சொல்லோடு பிணைந்து கிடந்தது. தமிழில் ஏழாம் வேற்றுமை உருபு ஆற்றும் தொழிலை இலத்தீனில் ஆற்றுவது இச்சொல். தமிழின் 'இன்' உருபோடு இதற்கு உறவு யாதுமில்லை. இத்தகைய சொற்களை அட்டவணை செய்வோர் பொருட்படுத்துவதில்லை. ஆகவே, இச்சொல் தொடர்பான வாக்கியங்களைப் பூசா தம் கையாலேயே 10,000 அட்டைகளில் எழுதினார். 1946இல் ஆய்வு நிறைவேறிற்று.

ஒரு சொல்லுக்கே இத்துணை உழைப்பெனின், அக்குவைனஸ் எழுதிய அத்தனை சொற்களையும் நிரற்படுத்துவது எங்ஙனம்? 1949இல் பூசா நியூயோர்க்கில் ஐ.பி.எம். நிறுவனத் தலைவர் தோமஸ் வாட்சனைக் கண்டார். ஆகாத காரியம் என்றே வாட்சன் முதலில் எண்ணினார். பின்னர் இசைந்தார், நிறுவனத்தின் பெயரை மட்டும் பூசாவின் பெயராக மாற்றிவிட வேண்டாம் என்று நகையாடினாராம்.

ஒவ்வொரு சொல்லும் அது நின்ற இடத்தின் குறிப்போடு ஒரு துளையட்டையில் ஏறியது. இயந்திரம் அட்டைகளை அகரவரிசைப்படுத்திற்று. கலராத்தே நகரில் அட்டைகளைத் துளைத்தவர்கள் பயிற்சி பெற்ற இளம்பெண்கள். அவர்களை ஆய்வாளர் தேடிச் சென்று பேட்டி கண்டது மிக அண்மைக் காலத்திலேதான். அதற்குள் அரை நூற்றாண்டு கழிந்துவிட்டது.

'வா', 'வந்தான்', 'வருவான்' என்பன ஒரே வினையின் வடிவங்கள் என்பதை அவ்வியந்திரம் அறியாது. இலத்தீனிலும் இதே இடர் உண்டு. வடிவங்களை ஆராய்ந்து உரிய மூலச்சொல்லின்கீழ் நிறுத்தும் வேலை மனிதரையே சார்ந்தது; ஆண்டுகளை விழுங்கியதும் அதுவே. ஏறக்குறைய 1 கோடியே 10 இலட்சம் சொற்களைக் கொண்ட அச்சொல்லடைவு 1974 முதல் 1980 வரை 56 தொகுதிகளாக வெளிவந்தது.

இதற்கிடையில், 1964இல், அமெரிக்காவின் பிரவுண் பல்கலைக்கழகத்தில் பிரான்சிஸ், குச்செரா என்னும் இருவர் வேறொரு வழியைக் கண்டனர். பூசா ஓர் ஆசிரியரை முழுமையாக எடுத்தார். இவர்களோ ஒரு மொழியின் மாதிரியை எடுத்தனர். 1961இல் அமெரிக்காவில் அச்சேறிய செய்தித்தாள், புதினம், அறிவியல் நூல் முதலியவற்றிலிருந்து ஏறக்குறைய 2,000 சொற்கள் கொண்ட 500 பகுதிகளைத் தெரிந்து, பத்து இலட்சம் சொற்களைக் கணிப்பொறியில் ஏற்றினர். எண்ணிப் பார்த்தபோது முதலிடம் பெற்றது, ஆங்கிலப் பெயர்களின் முன் வரும் 'த' என்னும் அடைச்சொல். நூறு சொற்களில் ஏறத்தாழ ஏழு அதுவே.