தோற்றுப்போன திருத்தங்கள்: இந்திய அரசியல் யாப்புச் சபையில் சென்னை மாகாண முஸ்லிம் உறுப்பினர்கள்

இந்திய அரசியல் யாப்பு என்றதும் எமது நினைவுக்கு வருவது அம்பேத்கரின் பெயரும் 1950 ஜனவரி 26 என்ற திகதியும்தான். பாடநூல்களிலும் அவ்வளவுதான் இருக்கிறது. ஆனால் எந்த யாப்பையும் அதில் எழுதப்பட்டிருப்பதை மட்டும் வைத்து முழுமையாக விளங்கிக்கொள்ள முடியாது. எவற்றை எழுத மறுத்தார்கள், என்ன காரணம் கூறி மறுத்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். இந்திய யாப்பின் நகலுக்கு 7,635 திருத்தங்கள் அறிவிக்கப்பட்டன. அவற்றுள் 2,473 சபையில் முன்வைக்கப்பட்டன. தோற்றுப்போனவற்றுள் சில, சென்னை மாகாணத்து முஸ்லிம் உறுப்பினர்கள் கொண்டுவந்தவை. திருநெல்வேலிப் பேட்டையைச் சேர்ந்த முஹம்மது இஸ்மாயில் சாஹிபு (எமது வாசகர்கள் அறிந்த காயிதே மில்லத்), மலபாரின் போக்கர் சாஹிபு, மஹ்பூப் அலி பேக் சாஹிபு ஆகியோரே அவர்கள்.

அச்சபை உருவான விதத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். 1946இல் வந்த பிரித்தானிய அமைச்சரவைத் தூதுக்குழுவின் திட்டப்படி, மாகாண சட்டசபை உறுப்பினர்களே யாப்புச் சபை உறுப்பினர்களைத் தெரிவு செய்தனர். பொது, முஸ்லிம், சீக்கியர் என ஆசனங்கள் மூன்றாகப் பிரிக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு பிரிவினரும் தம்மவரைத் தாமே தெரிவு செய்தனர். அம்மாகாண சபைகளுக்கு வாக்களித்தவர்களோ சொத்து, வரி, கல்வித் தகுதி உடைய ஒரு பகுதியினர் மாத்திரமே. வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை தந்த யாப்பை எழுதியவர்கள், அவ்வுரிமை இல்லாத தேர்தலின் வழியாக வந்தவர்கள். இனவாரித் தேர்தலை ஒழித்தவர்களும் இனவாரித் தேர்தலின் வழியாகவே வந்தவர்கள். வரலாற்றில் இத்தகைய முரண்கள் புதியவை அல்ல.

1946 டிசம்பர் 9ஆம் திகதி சபை முதன்முதல் கூடியபோது முஸ்லிம் லீக் அதைப் பகிஷ்கரித்தது. இந்தியாவில் எஞ்சிய லீக் உறுப்பினர்கள் 1947 ஜூலையில்தான் உள்ளே வந்தனர். பிரிவினைக்குப் பின் சபையின் தொகை 299 ஆகக் குறைந்தது. 1947 ஓகஸ்ட் 29இல் நியமிக்கப்பட்ட எழுவர் கொண்ட நகல் தயாரிப்புக் குழுவுக்கு அம்பேத்கர் தலைவர். அஸ்ஸாமைச் சேர்ந்த முஹம்மது சஅதுல்லா அதில் ஒருவர்.

யாப்பின் எலும்புக்கூடு 1935ஆம் ஆண்டின் இந்திய அரசாங்கச் சட்டத்திலிருந்து வந்தது. பாராளுமன்ற முறை பிரித்தானியாவினது. அடிப்படை உரிமைகளுக்கு அமெரிக்காவும், அரச கொள்கையின் வழிகாட்டு நெறிகளுக்கு அயர்லாந்தும் முன்மாதிரி. ‘கடன் வாங்கிய யாப்பு’ என்ற ஏளனத்துக்கு 1948 நவம்பர் 4இல் அம்பேத்கர் பதில் சொன்னார்: யாப்புகளின் அடிப்படைக் கருத்துகளுக்கு எவரிடமும் காப்புரிமை இல்லை என்பது அதன் சாரம். நியாயமான பதில்தான். 395 உறுப்புரைகள், 22 பகுதிகள், 8 அட்டவணைகள் என அது விரிந்ததற்கு, மத்திக்கும் மாநிலங்களுக்குமான நிருவாக விபரங்களையும் உள்ளே எழுதிவைத்ததே பெருங்காரணம்.

இனி சர்ச்சைக்கு வருவோம். முஸ்லிம் பிரதிநிதியை முஸ்லிம் வாக்காளர் மாத்திரமே தெரிவு செய்யும் முறையை 1909ஆம் ஆண்டின் மிண்டோ - மோர்லி சீர்திருத்தம் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. (இலங்கையில் இனவாரிப் பிரதிநிதித்துவத்தை 1931இல் டொனமூர் யாப்பு ஒழித்ததும், எமது முன்னோர் அதை அஞ்சியதும் வாசகர் அறிந்ததே.) இம்முறை தொடர வேண்டுமென 1947 ஓகஸ்ட் 27இல் போக்கர் சாஹிபு திருத்தம் கொண்டுவந்தார். ஒரு சமூகத்தின் தேவைகளை அச்சமூகத்தின் நம்பிக்கையைப் பெற்றவரே எடுத்துச் சொல்ல முடியும் என்பது அவருடைய வாதம். அன்றைய நாட்களை நினைத்துப் பாருங்கள். நாடு பிரிந்து இரண்டு வாரங்கள்கூட ஆகவில்லை, பஞ்சாப் எரிந்துகொண்டிருந்தது. தனித் தொகுதி கேட்பது சிறுபான்மையினர் தம்மைத் தாமே மாய்த்துக்கொள்வதற்கு ஒப்பாகும் என்றார் கோவிந்த் வல்லப் பந்த். இத்தகைய கோரிக்கை உடையோருக்கான இடம் பாகிஸ்தான் என்ற தொனியில் வல்லபாய் பட்டேல் பதிலளித்தார். பந்தின் வாதத்தில் சிந்திக்க வேண்டிய ஒரு கூறு உண்டு: தனித் தொகுதியில் நிற்கும் பெரும்பான்மை வேட்பாளர் சிறுபான்மையினரின் வாசலுக்கு வர வேண்டிய தேவையே இல்லாமற் போய்விடும். பட்டேலின் பதிலை அவ்வாறு ஏற்க என்னால் முடியவில்லை. தன் மண்ணை விட்டுப் போக மறுத்த ஒருவரிடம் அது சொல்லத் தகுந்த பதிலன்று.

ஆயினும் அன்று முஸ்லிம்களுக்கு ஒதுக்கப்பட்ட ஆசனங்கள், பொது வாக்காளர் முறையில், இருக்கும் எனத் தீர்மானமாயிற்று. 1948 பெப்ரவரியில் வெளியான நகலிலும் அது இருந்தது. 1949 மே மாதத்தில் அதையும் கைவிட்டனர். இஸ்மாயில் சாஹிபு எதிர்த்தார். தனித் தொகுதியையும் மீண்டும் கேட்டார். அவையில் முஸ்லிம்கள் ஒரே குரலில் பேசவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அச்சபையின் ஒரே முஸ்லிம் பெண் உறுப்பினரான பேகம் அய்ஸாஸ் ரஸூல், ஒதுக்கீடு சிறுபான்மையினரை என்றைக்கும் பெரும்பான்மையினரிடமிருந்து பிரித்து வைக்கும் ஆயுதம் என்றார். பீஹாரின் தஜம்முல் ஹுஸைனும் ஒதுக்கீட்டை எதிர்த்தார்.

1948 நவம்பர் 23ஆம் திகதிய விவாதம் இதைவிட ஆழமானது. அன்று எடுத்துக்கொள்ளப்பட்டது பொதுச் சிவில் சட்டம் பற்றிய 35ஆம் உறுப்புரை (இன்று 44). தனக்கெனத் தனியார் சட்டம் உடைய எந்தச் சமூகமும் அதைக் கைவிடுமாறு கட்டாயப்படுத்தப்படலாகாது என்ற நிபந்தனையைச் சேர்க்குமாறு இஸ்மாயில் சாஹிபு கேட்டார். சேர்பியர், குரோவேசியர், சுலோவேனியரின் இராச்சியம் ஒப்பந்தத்தின் மூலம் முஸ்லிம்களுக்கு அளித்த உத்தரவாதத்தை அவர் எடுத்துக்காட்டினார். உலக விடயங்களைக் கற்று வந்து பேசியவர் என்பதற்கு இதுவே சான்று. மஹ்பூப் அலி பேக், போக்கர் சாஹிபு, வங்காளத்தின் நஸீருத்தீன் அஹ்மத் ஆகியோரும் அதே திசையில் பேசினர். முன்ஷியும் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரும் மறுத்தனர். ஷரீஅத் சட்டம் தம்மீது சுமத்தப்பட்டதைக் கோஜாக்களும் கச்சி மேமன்களும் விரும்பவில்லை என முன்ஷி சுட்டிக்காட்டினார்.

அம்பேத்கரின் பதிலில்தான் எமக்கு வேண்டிய ஒரு செய்தி இருக்கிறது. முஸ்லிம்களின் தனியார் சட்டம் இந்தியா முழுவதும் என்றும் ஒரே விதமாக இருந்ததில்லை என்பதற்கு அவர் தந்த உதாரணங்களுள் ஒன்று, வட மலபாரில் முஸ்லிம்களும் மருமக்கத்தாயம் என்ற தாய்வழி முறையைப் பின்பற்றியமை. மட்டக்களப்புப் பகுதியின் தாய்வழிக் குடிமுறையோடு வளர்ந்த எமக்கு இது வியப்பூட்டாது. ஷரீஆ ஒருபுறமும் ஊர் வழமை மறுபுறமுமாக, எந்தச் சண்டையுமின்றி ஒரே வீட்டில் வாழ்ந்த காலம் அது. அம்பேத்கர் திருத்தங்களை ஏற்கவில்லை. ஆனால் எதிர்காலப் பாராளுமன்றம் அச்சட்டத்தை, தாமாக முன்வந்து ஏற்போருக்கு மாத்திரம் என முதலில் ஆக்கலாம் என்றார். உறுப்புரையும் நீதிமன்றத்தால் நிறைவேற்றுவிக்க முடியாத வழிகாட்டு நெறிகளின் பகுதியிலேயே நின்றது. திருத்தம் தோற்றாலும் அதை எழுப்பிய அச்சம் சபையின் பதிவேட்டில் ஏறிவிட்டது.

ஆசனங்களுக்குப் பதிலாகக் கிடைத்தவை உரிமைகள். 25ஆம் உறுப்புரை ஒரு மதத்தை நம்பவும் பின்பற்றவும் பரப்பவும் சுதந்திரம் தந்தது. 29 மொழியையும் எழுத்தையும் பண்பாட்டையும் காத்தது. மத, மொழிச் சிறுபான்மையினர் தமது கல்வி நிறுவனங்களை நிறுவி நிருவகிக்கும் உரிமையை 30 வழங்கியது. உரிமை மீறப்பட்டால் நேரே உச்ச நீதிமன்றம் செல்லலாம் என்ற 32ஐ அம்பேத்கர் யாப்பின் உயிர் என்றே கருதினார். இவற்றுள் 30ஆவது ஏட்டுச் சுரைக்காயாக நிற்கவில்லை. திருச்சி ஜமால் முகம்மது கல்லூரியும் சென்னை புதுக்கல்லூரியும் 1951இல் எழுந்தன. கேரளக் கல்வி மசோதா பற்றி 1958இல் கருத்துரைத்த உச்ச நீதிமன்றம், உதவிப் பணத்துக்கு ஈடாகச் சிறுபான்மையினர் இவ்வுரிமையை விட்டுக்கொடுக்குமாறு அரசு கேட்க முடியாது என்றது. 1973இல் கேசவானந்த பாரதி வழக்கில், 13 நீதிபதிகளுள் எழுவரின் முடிவாக, யாப்பின் அடிப்படைக் கட்டமைப்பைப் பாராளுமன்றம் அழிக்க முடியாது எனத் தீர்ப்பாயிற்று. மதச்சார்பின்மை அக்கட்டமைப்பில் அடங்கும் என்பதை 1994இன் பொம்மை வழக்கு உறுதிப்படுத்தியது.

ஆனால் போக்கர் சாஹிபு 1947இல் எழுப்பிய கேள்வி முடிந்துபோனது என்று நான் சொல்லமாட்டேன். 2011ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி முஸ்லிம்கள் நூற்றுக்கு 14 பேருக்கு மேல். 2024இல் தெரிவான மக்களவையின் 543 உறுப்பினருள் அவர்கள் 24 பேர். உரிமையைக் காக்கும் நீதிமன்றம் ஒருபுறம் இருக்கட்டும், சட்டம் பிறக்கும் அவையில் பேசுவதற்கு ஆள் வேண்டும் அல்லவா? உத்தராகண்ட் மாநிலம் 2024இல் நிறைவேற்றிய பொதுச் சிவில் சட்டம் 2025 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. பழங்குடியினருக்கு அதில் விலக்கு உண்டு, முஸ்லிம்களுக்கு இல்லை. தாமாக முன்வருவோருக்கு மாத்திரம் என்ற அம்பேத்கரின் யோசனை அங்கே பின்பற்றப்படவில்லை.

சபையில் தோற்ற இருவரும் அந்த யாப்பின் கீழேயே தேர்தலில் நின்றனர். போக்கர் சாஹிபு 1952இலும் 1957இலும் மக்களவைக்குச் சென்றார். இஸ்மாயில் சாஹிபு 1962, 1967, 1971 என மும்முறை மஞ்சேரியில் வென்று, 1972 ஏப்ரலில் மறையும் வரை உறுப்பினராக இருந்தார். பொது வாக்காளர் முறையில்தான் வென்றார்கள். ஆனால் அது முஸ்லிம்கள் செறிந்து வாழும் மலபாரில். திருநெல்வேலிக்காரர் ஒருவர் மக்களவைக்குப் போக மஞ்சேரிக்குப் போக வேண்டியிருந்தது.