கும்பகோணத்து மாணவனும் ஐந்துபடிச் சமன்பாடும்



அண்மையில் என் பழைய மாணவன் ஒருவன் வீட்டிற்கு வந்திருந்தான். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டப்புறத்தில் வளர்ந்தவன். இப்போது ஈப்போவில் படிவம் நான்கு பயில்கிறான். ஒரு கோவையில் எந்த எண்ணை இட்டால் விடை சுழியமாகிறதோ அதுவே அக்கோவையின் சுழியம் என்பதும், வரைபடம் கிடைமட்ட அச்சைத் தொடும் இடமே அது என்பதும் அவனுக்கு நன்கு விளங்கியிருந்தன. "ஐயா, இருபடிக்குச் சூத்திரம் இருக்கிறது. ஐந்துபடிக்கு ஏன் பாடநூலில் இல்லை?" என்று கேட்டான்.

இதே கேள்வியோடு கும்பகோணத்தில் ஒரு சிறுவன் தனியே போராடியிருக்கிறான். துணிக்கடைக் கணக்கரின் மகனாக 1887-இல் பிறந்த இராமானுஜன்தான் அவன். 1902-இல் முப்படிச் சமன்பாட்டைத் தீர்க்கும் முறையை அவனுக்குக் காட்டினார்கள். நாற்படிக்கான வழியை அவனே கண்டுபிடித்தான். அடுத்த ஆண்டு ஐந்துபடியில் இறங்கினான். முடியவில்லை.

முடியாது என்பது உலகிற்கு முன்பே தெரியும். முப்படிக்கும் நாற்படிக்கும் உரிய தீர்வுகளை இத்தாலியரான கார்டானோ 1545-இல் நூலாக வெளியிட்டார். அதன்பின் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் ஐந்துபடிக்குச் சூத்திரம் தேடினர். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், படிமூலம் ஆகியவற்றை மட்டும் கொண்டு எல்லா ஐந்துபடிச் சமன்பாடுகளுக்கும் பொருந்தும் சூத்திரம் அமையாது என்று 1824-இல் நார்வே நாட்டு இளைஞர் ஏபல் நிறுவினார். சொந்தப் பணத்தில் அச்சிட்டதால், செலவைக் குறைக்க நிறுவலை ஆறே பக்கங்களில் சுருக்கினாராம். அந்த ஆறு பக்கச் செய்தி எண்பது ஆண்டுகள் ஆகியும் இராமானுஜனை எட்டவில்லை.

இவ்விடத்தில் என் தந்தையாரை எண்ணிக்கொள்கிறேன். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. பள்ளி வந்தது, ஆனால் தொடக்கக் கல்வியோடு நின்றது. மனக்கணக்கில் வல்லவரான என் தந்தையார் அதற்குமேல் பால்மரக் காட்டிற்குத்தான் போனார்.

மாணவனிடம் "சூத்திரம் இல்லை" என்று மட்டும் சொல்லி அனுப்ப எனக்கு மனமில்லை. சூத்திரம் இல்லாததும் சுழியம் இல்லாததும் ஒன்றல்ல. ஒருவன் காலையில் தண்டவாளத்திற்கு இப்புறமும் மாலையில் அப்புறமும் நின்றான் என்றால், இடையில் எங்கோ அதைக் கடந்திருக்கத்தானே வேண்டும்? ஐந்துபடிக் கோவையின் வரைபடமும் அவ்வாறே. ஒரு முனை அச்சுக்குக் கீழே வெகு ஆழத்திற்கும் மறுமுனை மேலே வெகு உயரத்திற்கும் செல்லும். கோடு எங்கும் அறுபடாது. ஆகவே அது அச்சை ஓரிடத்திலாவது வெட்டியே தீரும். ஐந்து இடங்களுக்கு மேல் வெட்டாது. இருபடிக்கு இந்த உறுதி கிடையாது. அதன் இரு முனைகளும் ஒரே பக்கம் போவதால், அச்சைத் தொடாமலேயே திரும்பிவிடும் வளைவுகளும் உண்டு.

ஒரு தாளில் அவனுக்கு ஒரு கணக்கைக் கொடுத்தேன்: ஓர் எண்ணின் ஐந்தாம் அடுக்கிலிருந்து அதே எண்ணையும் 1-ஐயும் கழித்தால் சுழியம் வரவேண்டும்; அந்த எண் எது? ஏபல் சொன்ன வகையில் தீர்க்கவே இயலாத சமன்பாடுகளுள் இதுவும் ஒன்று. 1-ஐ இட்டான், குறை 1 வந்தது. 2-ஐ இட்டான், 29 வந்தது. "இடையில் கடக்கிறது ஐயா!" என்றான். பிறகு 1.1-க்குக் கீழே, 1.2-க்கு மேலே. மழை விடும்வரை கணிப்பானோடு உட்கார்ந்திருந்தான். 1.16-க்கும் 1.17-க்கும் நடுவே அதைப் பிடித்து வைத்துவிட்டு, மீதியை வீட்டில் பார்ப்பதாகத் தாளை மடித்து எடுத்துச் சென்றான்.