மூவண்ணக் கோடு போட்ட தெரு

வீதிக்கு வந்த வரலாறு - 14

அமெரிக்காவில் ஆண்டு தவறாமல் நடந்துவரும் சுதந்திர தின விழாக்களில் மிகப் பழையது பிரிஸ்டல் என்ற சிற்றூரில் நடப்பது. அதன் கதையை ஆடுகளிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

1775 அக்டோபர் 7. அந்நாட்டிலேயே மிகச் சிறிய மாநிலமான ரோட் ஐலண்டின் நாரகன்செட் விரிகுடாவில், பிரிஸ்டல் துறைமுகத்துக்கு எதிரே பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் வரிசைகட்டி நின்றன. தளபதி ஜேம்ஸ் வாலஸுக்குத் தேவைப்பட்டது ஊரல்ல, கறி. ஆடுகளையும் மாடுகளையும் ஒப்படைக்கச் சொன்னார். ஊரார் தயங்கவே பீரங்கிகள் முழங்கின. ஒரு மணி நேரத்துக்கும் மேல் குண்டுமழை. கடைசியில் 40 ஆடுகளுக்குப் பேரம் படிந்து கப்பல்கள் நகர்ந்தன. நோயில் கிடந்த காங்கிரகேஷனல் சபையின் போதகர் ஜான் பர்ட், குண்டுச் சத்தம் கேட்டு வீட்டைவிட்டு வெளியேறியவர், சோளக்கொல்லை ஒன்றில் இறந்துகிடந்தார்.

பிரிட்டிஷ் படை 1778 மே 25 அன்று மறுபடி வந்தது. இம்முறை கறி கேட்கவில்லை, வீடுகளைக் கொளுத்தியது. செயின்ட் மைக்கேல் தேவாலயமும் எரிந்தது. வேடிக்கை என்னவென்றால், அது இங்கிலாந்து அரசரின் சொந்தத் திருச்சபையைச் சேர்ந்த கோயில். எதிர்த்தரப்பின் கோயில் என்று நினைத்துத் தீ வைத்துவிட்டார்கள் என்று உள்ளூரில் சொல்வதுண்டு.

இப்படி அடிபட்ட ஊர் என்பதால்தான் அமெரிக்க விடுதலைப் போர் முடிந்த இரண்டே ஆண்டுகளில், 1785இல், இங்கே சுதந்திர தினமான ஜூலை 4 கொண்டாடப்பட்டது. முன்னின்று நடத்தியவர் ஹென்றி வைட். அந்தப் போரில் சிப்பாயாக இருந்தவர். சோளக்கொல்லையில் செத்துக் கிடந்த பர்ட் போதகராக இருந்த அதே சபையின் புதிய போதகர். முதல் விழாவில் வாத்தியம் இல்லை, வாணவேடிக்கை இல்லை. பிரார்த்தனையும் தேசபக்திச் சொற்பொழிவும்தான். இன்றும் ஊர்வலத்துக்கு முன்பாக அந்தக் கூட்டம் நடக்கிறது. நம் ஊரில் கொடியேற்றம் இல்லாமல் தேர் நகராதல்லவா, அந்த மாதிரி. காலப்போக்கில் ராணுவ அணிவகுப்பு சேர்ந்தது, தீயணைப்புப் படையினர் சேர்ந்தார்கள், பேண்டு வாத்தியம் சேர்ந்தது. சொற்பொழிவு பின்னுக்குப் போய் ஊர்வலமே விழா என்றாகிவிட்டது.

ஜூலை 4ஐ முதலில் கொண்டாடிய ஊர் பிரிஸ்டல் அல்ல. பிலடெல்பியாவில் 1777லேயே மணியடித்து, பீரங்கி முழக்கி, வாணம் விட்டுவிட்டார்கள். பிரிஸ்டலின் பெருமை, விடாமல் நடத்தியதில் இருக்கிறது. அமெரிக்க நாடாளுமன்றம் இந்த நாளை விடுமுறையாக அறிவித்ததே 1870இல்தான். அதற்குள் இந்த ஊர் எண்பத்தைந்து ஆண்டுகளைத் தாண்டியிருந்தது. விழா ஒன்று நிலைத்துவிட்டால் அதை அரசாங்கம் வழிமொழியுமே தவிர, உருவாக்குவது அரிது என்பது என் எண்ணம்.

இன்று ஊரின் மக்கள்தொகை சுமார் 22,000. ஜூலை 4 அன்று அதைப்போலப் பல மடங்கு கூட்டம் வந்து இறங்கும். ஜூன் 14, அமெரிக்கக் கொடி நாளன்றே கொண்டாட்டம் தொடங்கிவிடும். கச்சேரிகள், போட்டிகள் என்று மூன்று வாரம் ஓடும். ஊர்வலம் போகும் ஹோப் தெருவின் நடுக்கோடு, சிவப்பு, வெள்ளை, நீலம் என மூன்று நிறத்தில் தீட்டப்பட்டிருக்கும். விழாவுக்காகப் போட்டு அழிக்கும் கோலமல்ல அது. ஆண்டு முழுவதும் அப்படியேதான். பனிக்காலத்தில் பால் வாங்கப் போகிறவரும் அந்தக் கோட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். முன்வரிசையில் இடம்பிடிக்க நடைபாதையில் நாற்காலி போடுவதில் பெரும் போட்டி. கொரோனாக் காலமான 2020இலும் விழாவைக் கைவிடவில்லை. பார்வையாளர்களை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வண்டிகளை மட்டும் ஓட்டிக் கணக்கைக் காப்பாற்றினார்கள்.

இதே ஹோப் தெருவில் வெள்ளைத் தூண்களோடு நிற்கிறது லிண்டன் பிளேஸ் என்ற மாளிகை. ஊர்வலம் அதன் வாசல் வழியாகத்தான் போகிறது. 1810இல் அதைக் கட்டியவர் ஜார்ஜ் டிவுல்ஃப். கட்டிய பணம், ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்களைக் கப்பலில் ஏற்றி விற்றதில் வந்தது.

டிவுல்ஃப் குடும்பம் அந்நாளில் அமெரிக்காவின் மிகப் பெரிய அடிமை வணிகக் குடும்பம். 1769 முதல் அரை நூற்றாண்டில் அவர்களுடைய கப்பல்கள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களைக் கொண்டுவந்தன. இங்கே காய்ச்சிய ரம் மது மேற்கு ஆப்பிரிக்கா போகும். அதற்கு ஈடாக வாங்கிய மனிதர்கள் கியூபாவுக்கும் அமெரிக்கத் தென் மாநிலங்களுக்கும் போவார்கள். கியூபாவின் கரும்புத் தோட்டங்களிலிருந்து வெல்லப்பாகு ரம் காய்ச்ச ஊருக்கு வரும். தோட்டங்களிலும் இவர்களுக்குச் சொந்தமானவை உண்டு. ஊரில் பீப்பாய் செய்தவர், கப்பல்பாய் தைத்தவர், கப்பலில் சிறு பங்கு போட்டவர் என எல்லாருக்கும் இதில் ஏதோ ஒரு வரும்படி.

ரோட் ஐலண்ட் மாநிலம் 1787லேயே தன் குடிமக்கள் அடிமை வணிகம் செய்யக் கூடாது என்று சட்டம் போட்டுவிட்டது. தடுக்க வேண்டியவர் சுங்க அதிகாரி. அவரையே தங்கள் ஆளாக்கிக்கொண்டது டிவுல்ஃப் குடும்பம். குடும்பத் தலைவர் ஜேம்ஸ் டிவுல்ஃபின் உறவினர் சார்லஸ் காலின்ஸை 1804இல் பிரிஸ்டலின் சுங்க அதிகாரியாக நியமித்தவர் குடியரசுத் தலைவர் தாமஸ் ஜெஃபர்சன். ஆம், மனிதர்கள் அனைவரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று சுதந்திரப் பிரகடனத்தில் எழுதிய அதே ஜெஃபர்சன்தான். ஆண்டுதோறும் ஜூலை 4 அன்று நினைவுகூரப்படுவது அந்தப் பிரகடனம்தான். காலின்ஸே அடிமைக் கப்பல்களில் பங்குதாரர். பிறகு யார் யாரைப் பிடிப்பது? 1808இல் நாடு முழுவதற்கும் தடை வந்தபின்பும் தொழில் கள்ளத்தனமாக ஓடியது. ஜேம்ஸ் டிவுல்ஃபோ 1821இல் செனட்டரே ஆகிவிட்டார்.

ஜார்ஜுக்குத்தான் கணக்குத் தப்பியது. கியூபாவில் கரும்பு பொய்த்து, கடன் கழுத்தை நெரிக்க, 1825 டிசம்பரில் ஓர் இரவு குடும்பத்தோடு ஊரைவிட்டு ஓடி, கடைசியில் கியூபா போய்ச் சேர்ந்தார். விடிந்ததும் கடன் கொடுத்தவர்கள் மாளிகைக்குள் புகுந்து, கைக்குக் கிடைத்ததையெல்லாம் தூக்கிக்கொண்டு போனார்கள். அவரை நம்பிப் பணம் போட்டவர்களோடு ஊரின் வணிகமும் படுத்தது. ஆனால் ஜூலை 4 விழா மட்டும் நிற்கவில்லை.

விடாமல் நினைவுகூர்வதில் பேர்வாங்கிய ஊர், இந்தக் கதையை மட்டும் நெடுங்காலம் தாழ்ந்த குரலிலேயே சொல்லிவந்தது. ஜூலை 4 ஓர் அடிமைக்கு என்ன அர்த்தம் தரும் என்ற கேள்வியை, அடிமைத்தனத்திலிருந்து தப்பிவந்த பேச்சாளர் ஃபிரெடரிக் டக்ளஸ் 1852இலேயே ரோசெஸ்டர் நகர மேடையில் எழுப்பியிருந்தார். பிரிஸ்டலில் அதைக் கையிலெடுத்தது, யாரும் எதிர்பாராத விதமாக, டிவுல்ஃப் வம்சத்தில் வந்த காத்ரினா பிரவுன் என்ற பெண். உறவினர் ஒன்பது பேரோடு கானாவுக்கும் கியூபாவுக்கும் போய், முன்னோர் செய்த வணிகத்தின் தடத்தைத் தேடி, 2008இல் 'டிரேசஸ் ஆஃப் தி டிரேட்' என்ற ஆவணப்படத்தை வெளியிட்டார். அதில் பிரிஸ்டலின் ஜூலை 4 ஊர்வலமும் வருகிறது. விழாவை நிறுத்த வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. வாசலில் வேடிக்கை பார்க்கிறவர்களை வீட்டுக்குள்ளும் ஒருமுறை எட்டிப் பார்க்கச் சொன்னார், அவ்வளவுதான். ஒரு வெளியூர்க்காரர் இதைச் சொல்லியிருந்தால் ஊர் காதுகொடுத்திருக்குமா என்பது சந்தேகமே.

லிண்டன் பிளேஸ் இப்போது அருங்காட்சியகம். அமெரிக்காவில் பிள்ளைகளோடு தங்கியிருக்கும் வாசகர்கள் யாரேனும் பிரிஸ்டல் ஊர்வலம் பார்க்கப் போவதானால், அங்கே கூடுதலாக ஒரு நாள் தங்குங்கள். கூட்டம் கலைந்தபின் அந்த மாளிகைக்குள்ளும் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

அடுத்த வாரம்: பாரிஸின் ஜூலை 14.

(தொடரும்)