ஹார்டி பெர்ஃபெக்ட் ரீல்

ஹார்டி பெர்ஃபெக்ட் என்பது இங்கிலாந்தின் வடகோடியில், நார்தம்பர்லண்ட் பகுதியின் அன்னிக் நகரில் இயங்கிய ஹார்டி சகோதரர்கள் நிறுவனம் செய்த தூண்டில் ரீல். இறகும் நூலும் சுற்றிச் செய்த பொய்ப்பூச்சியைக் கொக்கியில் கட்டி, ட்ரவுட், சால்மன் மீன்களைப் பிடிக்கும் முறைக்கு உரியது. 1891-ல் விற்பனைக்கு வந்த இந்த ரீலின் வெளித்தோற்றம் பல பத்தாண்டுகளுக்குப் பெரிதாக மாறவில்லை. பெரும்பாலான மாற்றங்கள் உள்ளேதான். அதனால் பழைய ரீல்களைச் சேகரிப்பவர்களிடையே பெர்ஃபெக்டின் வகைகளைப் பிரித்தறிவது தனிக் கலையாகவே வளர்ந்துள்ளது.

தோற்றம்

வில்லியம் ஹார்டி 1872-ல் அன்னிக்கில் துப்பாக்கியும் கத்தியும் விற்கும் கடை வைத்தார். தம்பி ஜான் ஜேம்ஸ் ஹார்டி விரைவில் வந்து சேர்ந்துகொண்டார். இருவரும் தூண்டில் பிடிப்பவர்கள். ஜான் ஜேம்ஸ், தூண்டில் வீச்சுப் போட்டிகளில் பரிசுகள் வென்றவர். கடையின் கவனம் துப்பாக்கியிலிருந்து மெல்ல மெல்லத் தூண்டிலுக்குத் திரும்பியது. மூங்கிலைப் பிளந்து ஒட்டிச் செய்த கோல்கள் முதலில் பேர் வாங்கித் தந்தன. ரீல்கள் அடுத்து வந்தன.

அக்காலத்துப் பித்தளை ரீல்களின் குறை எளியது. நூல் சுற்றிய உருளை ஒரு மெல்லிய அச்சின் மேல் நேரடியாக உராய்ந்து சுழலும். சில ஆண்டுகளில் துளை தேய்ந்து உருளை ஆடத் தொடங்கும். பெரிய மீன் நூலை இழுத்தோடும் நேரத்தில் சிக்கும். குடும்பத்தில் இயந்திர அறிவு மிகுந்தவரான ஃபார்ஸ்டர் ஹார்டி இதற்கு விடை கண்டார். உருளையின் மையத்தைச் சுற்றி வட்டப் பள்ளம் அமைத்து, அதில் சிறு உலோகக் குண்டுகளை ஓடவிட்டார். அன்று சைக்கிள்களில் பரவிக்கொண்டிருந்த அதே குண்டுத் தாங்கிதான். 1880-களின் இறுதியில் இதற்குக் காப்புரிமை பெறப்பட்டது. பொய்ப்பூச்சித் தூண்டில் ரீலில் குண்டுத் தாங்கியை நிலைபெறச் செய்த பெருமை ஃபார்ஸ்டருக்கே உரியது.

இரண்டாவது சிறப்பு, 'செக்' எனப்படும் தடுப்பு. ஒரு பல்சக்கரம், அதன் பல்லில் பதியும் சிறு நாக்கு, நாக்கை அழுத்தும் வில். மீன் இழுக்கும்போது கரகரவென்று எழும் ஓசை இதிலிருந்து வருவதே. பெர்ஃபெக்டில் இந்த வில்லின் அழுத்தத்தை ஓரத்துத் திருகால் கூட்டவும் குறைக்கவும் முடிந்தது. மூன்றாவதாக, உருளையின் நடுத்தண்டு துளையிடப்பட்டது. அன்றைய தூண்டில் நூல் பட்டு. ஈரத்தோடு சுற்றிக் கிடந்தால் மக்கிவிடும். துளை வழியே காற்று புகுந்து அடிச்சுற்றுகளும் உலர்ந்தன.

வகைகளை அடையாளம் காணல்

முதலில் பார்க்க வேண்டியது உலோகம். மிகப் பழையவை முழுப் பித்தளை. பின்னர் சட்டகம் எடை குறைந்த அலுமினியக் கலவைக்கு மாறி, கைப்பிடி பொருத்திய முகத்தகடு மட்டும் பித்தளையாக நின்றது. சேகரிப்பாளர்கள் 'பித்தளை முகம்' என்று அழைப்பது இதைத்தான். முதல் உலகப்போரை ஒட்டிய ஆண்டுகளில் முகத்தகடும் கலவை உலோகமாயிற்று. பித்தளை தெரிந்தால் பழையது என்று முடிவு கட்டுவோர் உண்டு. அது பொதுவாகச் சரிதான். ஆனால் ஆண்டைச் சொல்ல அது மட்டும் போதாது.

காலத்தைக் கணிக்க உதவுவது செக். முகத்தகட்டைக் கழற்றி, உருளையை எடுத்து, சட்டகத்தின் உட்புறத்தைப் பார்த்தால் ரீல் தன் காலத்தைத் தானே காட்டிக்கொடுக்கும். காம்பஸ் கால்களைப் போல வளைந்த இரு கரங்களுள்ள வில் இருந்தால் அது 1896-ல் வந்த அமைப்பு. அதற்குப் பின் வந்த திருத்தங்களைச் சேகரிப்பாளர்கள் 1906 செக், 1912 செக் என்று ஆண்டுப் பெயராலேயே குறிப்பர். இறுதியாக நிலைபெற்றது 'டூப்ளிகேட்டட் மார்க் டூ'. முதல் உலகப்போருக்குப் பிந்திய ரீல்களில் இச்சொற்களே பொறிக்கப்பட்டிருக்கும். சந்தையில் அதிகம் கிடைப்பதும் இதுதான். செக்கின் ஆண்டு, அவ்வமைப்பு தொடங்கிய ஆண்டே தவிர, கையிலுள்ள ரீல் செய்யப்பட்ட ஆண்டு அன்று. அடுத்த அமைப்பு வரும்வரை அதே செக் தொடர்ந்து பொருத்தப்பட்டது.

செக்கோடு ஒட்டிப் பார்க்க வேண்டியது குண்டுப் பள்ளம். முற்காலத்தவற்றில் அது திறந்த பள்ளம். உருளையைக் கழற்றியதும் குண்டுகள் மேசையில் உருண்டோடும். அறியாமல் கழற்றி ஓரிரு குண்டுகளைத் தொலைத்த ரீல்கள் ஏராளம். அவற்றுக்குப் பதிலாகப் பிற்காலத்து எஃகுக் குண்டு கிடந்தால், பழைய பாஸ்பர் வெண்கலக் குண்டின் நிறத்தோடு ஒட்டாமல் தனியே தெரியும்.

ஓரத்துத் திருகும் பேசும். தொடக்ககால ரீல்களில் அத்திருகின் மேல் சிறு உலோகப் பட்டை கட்டப்பட்டிருக்கும். அதைப் பூட்டும், வரிவரியான தலையுள்ள நட்டுக்குச் சேகரிப்பாளர்கள் இட்ட பெயர் 'துருக்கித் தலை'. பார்வைக்குத் தலைப்பாகை போலவே இருக்கும். கைப்பிடிக் குமிழ் முற்காலத்தில் தந்தமோ தந்த நிறச் செயற்கைப் பொருளோ, பின்னர் கறுப்பு. ரீலைக் கோலில் பொருத்தும் கால் முதலில் வழவழப்பான பித்தளை, பிறகு வரியோடிய பித்தளை, அதன் பின் வரியோடிய கலவை உலோகம்.

முத்திரைகளில் புகழ்பெற்றது, கோலைப் பற்றிய கை. முகத்தகட்டின் நடுவே இந்தக் கையும், நீள்வட்டத்துக்குள் நிறுவனப் பெயரும் அமைந்தவை முற்காலத்தவை. பெயரை நேர்வரியிலும் வட்டமாகவும் பொறித்த வகைகளும் உள்ளன. உட்புறத்தில் ஓரிரு ஆங்கில எழுத்துகள் தனியே குத்தப்பட்டிருப்பதைக் காணலாம். அந்த ரீலை இழைத்துப் பொருத்திய தொழிலாளியின் முதலெழுத்து அது. விளம்பரத்தில் வராத அந்தக் கைகளின் ஒரே கையொப்பம் இது என்பதால், முகத்து முத்திரையைவிட இதற்கே மதிப்பு அதிகம் என்று கொள்வது தகும்.

அளவு அங்குலத்தில் சொல்லப்படும்: ட்ரவுட்டுக்கு 2⅝, 2⅞, 3⅛, 3⅜, சால்மனுக்கு 4, 4¼, 4½ போன்றவை. ஒரே விட்டத்தில் அகல உருளையும் குறுகிய உருளையும் உண்டு.

நிறமும் ஒரு சான்று. கலவை உலோகத்தின் மேல் ஈயப் பூச்சு எனப்படும் கருஞ்சாம்பல் மெருகு ஏற்றப்பட்டது. விரல் படும் விளிம்புகளில் அது தேய்ந்து வெளிர்ந்திருப்பது இயல்பு. எங்கும் ஒரே சீராகக் கறுத்திருந்தால் மறுபூச்சு என்று ஐயுற வேண்டும். இரண்டாம் உலகப்போர்க் காலத்தையும் அதை ஒட்டிய ஆண்டுகளையும் சேர்ந்த சில ரீல்களில் இப்பூச்சே இல்லை. வெற்று உலோகமாகப் பளபளக்கும் அவற்றை அன்றைய போர் விமானத்தின் பெயரால் 'ஸ்பிட்ஃபயர்' என்பர்.

பெர்ஃபெக்டோடு குழம்பக்கூடியது 1903-ல் வந்த பூக்லே. ஒரு பிரெஞ்சுத் தூண்டில்காரரின் பெயர் கொண்ட இது, சட்டகத்தின் தூண்கள் விளிம்புக்கு வெளியே உயர்ந்து நிற்கும் இலேசான வடிவம். தூண்களைப் பார்த்தாலே வேறுபாடு தெரிந்துவிடும்.

இவ்விவரங்களில் பெரும்பகுதிக்கு மூலம் நிறுவனம் வெளியிட்டுவந்த 'ஆங்லர்ஸ் கைடு' விலைப்பட்டியல்களே. இவற்றோடு கையிலுள்ள ரீல்களையும் ஒப்பிட்டே வகைப்பாடு உருவாயிற்று.

சேதம் செய்வன

தங்கள் கோலில் பொருந்தவில்லை என்று பழைய உரிமையாளர்கள் காலின் இரு முனைகளையும் அரத்தால் இழைத்துவிடுவது வழக்கம். இழைத்த காலை மீட்க வழியில்லை. இரு உடைந்த ரீல்களைச் சேர்த்து ஒன்றாக்குவதும் நடக்கிறது. சட்டகத்தின் செக் ஒரு காலத்தையும் முகத்தகடு வேறொரு காலத்தையும் காட்டினால் இதுவே காரணம். எல்லாவற்றிலும் கொடியது பாலிஷ். பித்தளை முகத்தை ஒரு மணி நேரம் தேய்த்தால் நூறாண்டு நிறமும் கோலைப் பற்றிய கையின் நுண்வரிகளும் சேர்ந்தே போய்விடும். மெல்லிய துணியும் ஒரு சொட்டு எண்ணெயும் போதும்.

பிற்காலம்

நிறுவனம் 1967-ல் ஹாரிஸ் அண்ட் ஷெல்டன் குழுமத்திடமும், 2013-ல் அமெரிக்காவின் பியூர் ஃபிஷிங்கிடமும் சென்றது. இடையில் நிறுத்தப்பட்ட பெர்ஃபெக்ட் பின்னர் மீண்டும் செய்யப்பட்டது.