பொம்பேயியிலிருந்து தப்பியவர்கள் எங்கே போயினர்?

சென்ற இளவேனிற் காலத்தில் நாம் எண்மர் ஒரு சிறு குழுவாக, இத்தாலியின் நாப்போலி நகரிலிருந்து பொம்பேயி இடிபாடுகளைக் காணச் சென்றோம். அறுவர் அகதிகளாக ஐரோப்பா வந்தோர். இருவர் இங்கே பிறந்த பிள்ளைகள்.

ஊரிற் பாடசாலையில் வரலாறு கற்பித்த காலத்தில், வெசூவியஸ் எரிமலை அந்நகரையும் அதன் மக்கள் அனைவரையும் ஒருசேர விழுங்கியது என்றே மாணவர்க்குச் சொல்லிவந்தேன். அது பிழை என்பதை இங்கு ஒப்புக்கொள்கிறேன். இதுவரை அங்கு கிடைத்த மனித எச்சங்கள் ஏறத்தாழ 1,300 பேருக்குரியவை. நகரின் மூன்றிலொரு பகுதி இன்னும் தோண்டப்படவில்லை எனினும், பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்ததாகக் கணிக்கப்படும் நகருக்கு இது சிறுதொகையே.

கி.பி. 62இல் நிகழ்ந்த நிலநடுக்கத்தின் சேதங்களை மக்கள் பழுதுபார்த்துக்கொண்டிருந்த வேளையிலேயே, கி.பி. 79இல் மலை வெடித்தது. முதலில் வீழ்ந்தவை இலேசான நுரைக்கற்கள். ஏறத்தாழ 18 மணி நேரம் அவை மழைபோற் பொழிந்தன. உடனே புறப்பட்டவர்களுக்குத் தப்ப வழியிருந்தது. கல்மழை ஓயும் என்று வீட்டினுள் காத்திருந்தோரிற் பலர் கூரை சரிந்து மாண்டனர். எஞ்சியோரை மறுநாட் காலை வந்த வெந்சாம்பலும் வாயுவும் கொன்றன. போவதா, இருப்பதா, முதியோரை என்செய்வது என்ற அந்த 18 மணி நேரத்தை எமது வாசகர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

‘தப்பியோடியோர் தோட்டம்’ என்னுமிடத்தில் 13 பேரின் உருவங்கள் கிடக்கின்றன. சிறுவரும் உளர். உடல் அழிந்த வெற்றிடத்திற் சாந்து வார்த்து உருவெடுக்கும் இம்முறையை 1863இல் பியொரெல்லி என்பவர் கையாளத் தொடங்கினார். மாண்டோர் பலரருகே வீட்டுச் சாவிகள் கிடைத்தனவாம். எனது வீட்டுச் சாவியும் என்னிடமுண்டு; கதவுதான் இல்லை.

அங்கு நின்றபோது பிள்ளைகளில் ஒருவன் கேட்டான்: “மாஸ்ரர், தப்பின ஆக்கள் எங்க போனவை?”

வழிகாட்டியிடம் விடையிருக்கவில்லை. வீடு திரும்பியபின் தேடிப் படித்தேன். அமெரிக்க வரலாற்றாய்வாளர் ஸ்டீவன் டக் என்பவர், பொம்பேயிக்கும் அயல் நகரான ஹெர்குலேனியத்துக்கும் உரிய குடும்பப் பெயர்களைப் பிற நகர்களின் கல்வெட்டுகளில் ஆண்டுக்கணக்காகத் தேடியவர். கூமே, நாப்போலி, புத்தேயோலி, ஒஸ்தியா ஆகிய இடங்களில் அப்பெயர்கள் கி.பி. 79க்குப் பின் தென்படுகின்றன. பெரும்பாலோர் தூரதேசம் போகவில்லை. அருகிலுள்ள கரையோர நகர்களிலேயே குடியேறித் தமக்குள் மணவுறவும் கொண்டனர். வாரிசின்றி மாண்டோரின் சொத்துகளைப் பாதிக்கப்பட்ட நகர்களின் புனரமைப்புக்குப் பேரரசர் தீத்துஸ் ஒதுக்கினார் என சுவெற்றோனியஸ் எழுதியுள்ளார். புகலிட நகர்களிலும் அரசு தெருக்களும் நீர்வசதிகளும் கோயில்களும் அமைத்தது என்பது டக்கின் முடிவு.

இவற்றுள் என் மனத்தில் தங்கியது உம்பிரீசியஸ் குடும்பத்தின் கதை. பொம்பேயியில் மீனை உப்பிட்டு நொதிக்கவைத்துச் சாறு விற்றுச் செல்வமீட்டியவர்கள் அவர்கள். (உரோமர் அதனை விரும்பி உண்டனர், வாடையை நாம் ஊகிக்கலாம்.) புத்தேயோலியில் மீண்டும் தொழில் தொடங்கினர். அங்கு பிறந்த பிள்ளைக்கு ‘புத்தேயோலானுஸ்’, அதாவது புத்தேயோலிக்காரன், எனப் பெயரிட்டனர் என்கிறார் டக். இழந்த ஊரின் பெயரையன்று, புகுந்த ஊரின் பெயரையே வைத்திருக்கின்றனர். அதைப் பாட்டனார் எவ்வாறு ஏற்றாரோ!

இவற்றையெல்லாம் அச்சிறுவனுக்குத் தொலைபேசியிற் சொன்னேன். “அப்ப ஒருத்தரும் திரும்பிப் போகேல்லையா?” என்றான்.

சிலர் போயினர். 2025இல் பொம்பேயி அகழ்வாளர் வெளியிட்ட செய்தி அது. போக்கிடமற்ற ஏழைகள் பலர் சாம்பலுக்கு மேலே தெரிந்த மேல்மாடிகளிற் குடியிருந்தனர். புதையுண்ட கீழ்த்தளங்களை நிலவறைகளாக்கி, அங்கே அடுப்புகள் அமைத்தனர். ஐந்தாம் நூற்றாண்டு வரை அங்கே மனிதர் வாழ்ந்துள்ளனர்.