யங் ஃபிராங்கன்ஸ்டைன்: விமர்சன வரவேற்பின் வரலாறு

யங் ஃபிராங்கன்ஸ்டைன், மெல் புரூக்ஸ் இயக்கத்தில் 1974 டிசம்பர் 15 அன்று அமெரிக்காவில் வெளியான கறுப்பு வெள்ளை நகைச்சுவைப் படம். 1930-களிலும் அதை ஒட்டியும் யுனிவர்சல் நிறுவனம் எடுத்த ஃபிராங்கன்ஸ்டைன் வரிசைத் திகில் படங்களை இது நையாண்டி செய்கிறது. திரைக்கதையை நாயகன் ஜீன் வைல்டரும் புரூக்ஸும் சேர்ந்து எழுதினர். டுவென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் வெளியிட்ட இப்படம் ஏறத்தாழ 28 லட்சம் டாலர் செலவில் உருவாகி, 8.6 கோடி டாலருக்கும் மேல் வசூலித்தது. விமர்சகர்களில் பெரும்பாலோர் தொடக்கத்திலேயே படத்தை வரவேற்றனர். குறை சொன்னவர்களும் சிரித்துவிட்டே குறை சொன்னார்கள். கேலிக்கு எடுத்துக்கொண்ட படங்களை இவ்வளவு நெருக்கமாக ஒட்டிச் செல்வது இதன் பலமா பலவீனமா என்பதுதான் கருத்து வேற்றுமைக்குக் காரணம். படத்தின் விமர்சன வரலாறு பெரும்பாலும் அந்த ஒரு கேள்வியைச் சுற்றியே நகர்ந்திருக்கிறது.

முன்னோடிகள்

ஜேம்ஸ் வேல் இயக்கிய ஃபிராங்கன்ஸ்டைன் 1931-லும், அதன் தொடர்ச்சியான பிரைடு ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன் 1935-லும் வெளியாயின. ரோலண்ட் லீ இயக்கிய சன் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன் 1939-ல் வந்தது. மூன்றிலும் ராட்சத மனிதனாக நடித்தவர் போரிஸ் கார்லாஃப். இந்தப் பாத்திரத்தை நகைச்சுவைக்குக் கொண்டுவரும் முயற்சியும் புதிதல்ல. 1948-ல் யுனிவர்சலே அபாட், காஸ்டெல்லோ இணையை வைத்து ஒரு படம் எடுத்தது. அதில் கோமாளிகள் கோமாளிகளாகவும் பேய்கள் பேய்களாகவும் தனித்தனியே நின்றார்கள். திகில் பாத்திரங்கள் தம் பங்கை முழுக் கண்டிப்போடு நடித்தன. புரூக்ஸ், வைல்டர் கூட்டணி இந்தப் பிரிவினையைக் கைவிட்டு, திகில் படத்தின் உடலுக்குள்ளேயே நகைச்சுவையைப் புகுத்தியது.

1957 முதல் யுனிவர்சலின் பழைய திகில் படங்கள் ஷாக் என்ற பெயரில் தொகுப்பாக அமெரிக்கத் தொலைக்காட்சி நிலையங்களுக்கு விற்கப்பட்டன. அவற்றை இரவு நேர ஒளிபரப்பில் பார்த்து வளர்ந்த தலைமுறையே 1974-ல் திரையரங்குக்கு வந்தது. மரக்கை ஆய்வாளர், கண் தெரியாத துறவி, ஆய்வகத்தில் சீறும் மின்பொறி என்று எதையும் அவர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியிருக்கவில்லை. 1973 இறுதியில் வெளியான தி எக்ஸார்சிஸ்ட் திகில் படத்தின் போக்கையே மாற்றியிருந்தது. அதற்கு அடுத்த ஆண்டு வந்த ஒரு கோட்டைப்பேய்ப் படம் பயமுறுத்துவதைவிடப் பழைய நினைவுகளைக் கிளறுவதற்கே அதிக வாய்ப்பிருந்தது.

விமர்சனத்தைத் தீர்மானித்த முடிவுகள்

படத்தின் மூலக்கரு வைல்டருடையது. தாத்தாவின் பெயரால் வெட்கப்படும் ஒரு மருத்துவப் பேராசிரியர், டிரான்சில்வேனியாவில் உள்ள குடும்பக் கோட்டைக்குப் போய்த் தாத்தா செய்ததையே திரும்பச் செய்கிறார் என்பதே கதை. முதலில் படத்தைத் தயாரிக்க முன்வந்த கொலம்பியா நிறுவனம், கறுப்பு வெள்ளையில்தான் எடுக்க வேண்டும் என்ற புரூக்ஸின் பிடிவாதத்தை ஏற்காததால் படம் ஃபாக்ஸுக்குப் போனது. ஒளிப்பதிவாளர் ஜெரால்டு ஹிர்ஷ்ஃபெல்டு பழைய படங்களின் நீள நிழல்களையும் இருள் மூலைகளையும் மீட்டெடுத்தார். ஒரு காட்சியிலிருந்து அடுத்ததற்கு நகரும்போது திரை வட்டமாகச் சுருங்கி மூடுவது போன்ற 1930-களின் உத்திகளும் அப்படியே கையாளப்பட்டன. 1931 படத்துக்காகக் கென்னத் ஸ்டிரிக்ஃபேடன் செய்த ஆய்வகக் கருவிகள் அவர் வசமே இருந்தன; புரூக்ஸ் அவற்றையே வரவழைத்துப் பயன்படுத்தினார். ஜான் மோரிஸின் வயலின் தாலாட்டு, கேலிக்காகச் செய்யப்பட்டது என்ற சாயலே இல்லாமல் உருக்கமாக ஒலித்தது.

புரூக்ஸ் திரையில் தோன்றக் கூடாது என்பது வைல்டர் விதித்த நிபந்தனை. புரூக்ஸ் தலைகாட்டினால் பார்வையாளரைப் பார்த்துக் கண்ணடித்து, கதையின் உலகைக் கலைத்துவிடுவார் என்பது அவருடைய கவலை. புரூக்ஸ் அதற்கு இணங்கி, ஓநாயின் ஊளை, அம்பு பட்ட பூனையின் அலறல் போன்ற குரல்களோடு நிறுத்திக்கொண்டார். முதல் தொகுப்பு மிக நீளமாகவும் தளர்ந்தும் இருந்ததால், எடுபடாத நகைச்சுவைகளை வெட்டியெறிந்து படம் இறுக்கப்பட்டது. பின்னால் விமர்சகர்கள் பாராட்டிய கட்டுக்கோப்பு இந்த இரண்டு முடிவுகளாலும் வந்தது.

வெளியீட்டுக் கால விமர்சனங்கள்

1974 பிப்ரவரியில்தான் புரூக்ஸின் பிளேசிங் சேடில்ஸ் வெளியாகி வசூலைக் குவித்திருந்தது. அந்தப் படம் கௌபாய்ப் படங்களை நையாண்டி செய்து, இறுதியில் தன் கதையையே உடைத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்குள் பாயும் கட்டுக்கடங்காத படம். பத்து மாத இடைவெளியில் வந்த இரண்டு படங்களையும் விமர்சகர்கள் ஒப்பிட்டது இயல்பே. அந்த ஒப்பீட்டில் முந்திய படம் பெற்ற சிரிப்பைக் காட்டிலும் பிந்திய படத்தின் வடிவம் கவனம் பெற்றது.

நியூயார்க் டைம்ஸில் வின்சென்ட் கேன்பி, புரூக்ஸ் அதுவரை எடுத்தவற்றில் மிக வேடிக்கையானதும் ஒருமை கூடியதும் இதுவே என்று எழுதினார். சிகாகோ சன் டைம்ஸில் ராஜர் ஈபர்ட் நான்கு நட்சத்திரம் கொடுத்தார். புரூக்ஸின் படங்களில் ஒழுங்கு மிகுந்ததும் காட்சிக் கற்பனை நிறைந்ததும் இதுதான் என்று சொல்லிவிட்டு, சிரிப்பும் அதில் நிறைய இருக்கிறது என்பதைக் கூடுதல் தகவலாகச் சேர்த்தார். புரூக்ஸின் முந்தைய படமான தி புரொடியூசர்ஸின் கச்சாத்தனத்தைக் கடுமையாகச் சாடியிருந்த நியூயார்க்கர் விமர்சகர் பாலின் கேல், இதில் புரூக்ஸ் இயக்குநராக வளர்ந்திருக்கிறார் என்று கண்டார். இப்படியொரு கிறுக்குத்தனமான நகைச்சுவை திரையில் வந்து பல ஆண்டுகளாகின்றன என்றார். லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸில் சார்லஸ் சாம்ப்ளின், அடிதடிச் சிரிப்பும் உணர்ச்சியும் எதிர்பாராத விதத்தில் கலந்திருப்பதை ரசித்தார். ஆண்டுக்கு ஒரு மெல் புரூக்ஸ் படம் திரைக்குத் தேவை என்றது தொழில் ஏடான வெரைட்டி.

நடிகர்களில் பீட்டர் பாயிலும் மார்ட்டி ஃபெல்ட்மனும் தனியே பாராட்டப்பட்டனர். பாயிலின் ராட்சதனுக்குப் பேச்சு கிட்டத்தட்ட இல்லை. உறுமலையும் கண்ணையும் வைத்தே பரிதாபத்தையும் சிரிப்பையும் ஒருசேர வரவழைத்தார். ஃபெல்ட்மன் நடித்த உதவியாள் ஐகோருக்கு முதுகில் இருக்கும் கூன் காட்சிக்குக் காட்சி இடமும் வலமும் மாறிக்கொண்டிருக்கும். நடிகரே விளையாட்டாகத் தொடங்கிய குறும்பு அது. மற்றவர்கள் கண்டுபிடித்த பிறகு வசனத்திலும் இடம்பிடித்தது.

மாற்றுக் கருத்துகள்

பாராட்டு ஒருமித்ததாக இருக்கவில்லை. ஈபர்ட்டின் அதே நகரத்தில் சிகாகோ டிரிப்யூனுக்கு எழுதிய ஜீன் சிஸ்கல் மூன்று நட்சத்திரத்தோடு நிறுத்திக்கொண்டார். சிறந்த தருணங்களில் படம் பிரமாதம், ஆனால் அத்தருணங்கள் போதுமான அளவுக்கு இல்லை என்பது அவர் குறை. வாஷிங்டன் போஸ்டின் கேரி ஆர்னால்டு இன்னும் அடிப்படையான ஆட்சேபத்தை எழுப்பினார். வைல்டரும் புரூக்ஸும் வேடிக்கையான கதை ஒன்றைச் சொந்தமாக யோசிக்கவில்லை, பழைய படங்களின் கதையையே ஊன்றுகோலாக வைத்துக்கொண்டு தனித்தனிக் காட்சிகளைக் கேலி செய்துபோகிறார்கள் என்றார். பிரிட்டனின் மந்த்லி ஃபில்ம் புல்லட்டினில் டாம் மில்ன், படம் அடிக்கடி கேரி ஆன் வரிசைப் படங்களின் தரத்திலான ஆபாசச் சிரிப்புக்கு இறங்குவதாகக் குறைப்பட்டார்.

ஆர்னால்டின் குற்றச்சாட்டும் கேன்பியின் பாராட்டும் ஒரே தன்மையைத்தான் குறிக்கின்றன. கதை கடன் வாங்கியது என்பது உண்மை. கோட்டைக்கு வாரிசு வந்து சேருவது 1939 படத்திலிருந்தும், துறவியும் மணமகளும் 1935 படத்திலிருந்தும், ஆய்வகமும் சிறுமியும் 1931 படத்திலிருந்தும் வந்தவை. இந்தக் கடன் படத்தைச் சிதறவிட்டதா, கட்டிக்காத்ததா என்பதில்தான் இருவரும் பிரிகிறார்கள்.

விவாதத்தில் அடிபட்ட காட்சிகள்

இக்கேள்விக்கு விடை தேடுவோர் பெரும்பாலும் துறவி காட்சியிடம் வந்து நிற்பார்கள். 1935 படத்தில் கண் தெரியாத முதியவர் ராட்சதனுக்கு உணவும் சுருட்டும் கொடுத்து நண்பனாக்கிக்கொள்கிறார். அந்தப் படத்தின் மிக மென்மையான பகுதி அது. புரூக்ஸின் படத்தில் ஜீன் ஹேக்மன் அடையாளம் தெரியாத தாடியோடு அதே முதியவராக வருகிறார். அவருடைய தனிமையும் பிரார்த்தனையும் மூலத்தைப் போலவே உண்மையானவை. பிறகு கொதிக்கும் சூப்பைக் கிண்ணத்துக்குப் பதில் விருந்தாளியின் மடியில் ஊற்றுகிறார். வாழ்த்துச் சொல்லிக் கோப்பையை மோதியதில் அவன் கையிலிருந்த கோப்பை நொறுங்குகிறது. சுருட்டென்று நினைத்து அவன் கட்டைவிரலைப் பற்றவைக்கிறார். முதியவரின் அன்பில் குறையே இல்லை என்பதால்தான் விருந்தாளி படும் பாடு சிரிக்க வைக்கிறது.

கென்னத் மார்ஸ் நடித்த காவல் ஆய்வாளர் கெம்ப் இன்னொரு சான்று. 1939 படத்தில் லயனல் அட்வில் நடித்த ஆய்வாளர் க்ரோக், சிறுவயதில் ராட்சதனிடம் கையை இழந்தவர். அம்பு எறியும் விளையாட்டின்போது தன் முறைக்கான அம்புகளை மரக்கையில் குத்திவைத்துக்கொள்வார். மூலமே ஏற்கெனவே கேலியின் விளிம்பில் நிற்பதைக் கண்ட புரூக்ஸ், ஓர் அடி தள்ளிவிட்டதோடு சரி.

அதிகம் பேசப்பட்டது இர்விங் பெர்லினின் ‘புட்டின் ஆன் த ரிட்ஸ்’ பாடல் காட்சி. விஞ்ஞானியும் ராட்சதனும் உயரத் தொப்பியும் கோட்டுமாக மேடையில் ஆடுவது இது. கதையின் உலகத்துக்கு இது பொருந்தாது என்று புரூக்ஸ் எதிர்த்தார், வைல்டர் விடாமல் வாதிட்டார். எடுத்துப் பார்த்த பிறகு புரூக்ஸ் தன் எதிர்ப்பைக் கைவிட்டார். மூலப் படங்களில் எங்கும் இல்லாத இக்காட்சியே படத்தின் மிகப் புகழ்பெற்ற பகுதியாக நிலைத்தது. முழுக்கக் கடன் என்ற வாதத்துக்கு இது நல்ல மறுப்பு.

காலப்போக்கில் மதிப்பிழந்த காட்சிகளும் உண்டு. விஞ்ஞானிக்கு நிச்சயிக்கப்பட்ட எலிசபெத்தை ராட்சதன் கடத்திச் செல்லும் பகுதியில், பெண்ணின் மறுப்பு நொடியில் இன்பமாக மாறுவதே நகைச்சுவை. மேடலின் கானின் நடிப்பு இன்றும் மெச்சப்பட்டாலும், அக்காட்சியின் அடிப்படை இப்போது சங்கடமாகவே படுகிறது.

விருதுகள்

படம் இரண்டு ஆஸ்கர் விருதுகளுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. தழுவல் திரைக்கதைக்கான விருது தி காட்ஃபாதர் இரண்டாம் பாகத்துக்கும், ஒலிக்கான விருது எர்த்குவேக் படத்துக்கும் போயின. குளோரிஸ் லீச்மனும் மேடலின் கானும் கோல்டன் குளோப் பரிந்துரை பெற்றனர். அறிவியல் புனைவு வாசகர்கள் இப்படத்தை மனமார ஏற்றுக்கொண்டனர்: 1975-ல் ஹியூகோ விருதும், பின்னர் திரைக்கதைக்காக நெபுலா விருதும் கிடைத்தன. கேலி செய்யப்பட்ட வகைமையின் தீவிர ரசிகர்களே கேலிக்குப் பரிசளித்திருப்பது கவனிக்கத்தக்கது.

பிற்கால மதிப்பீடு

1975-ல் வெளியான தி ராக்கி ஹாரர் பிக்சர் ஷோ தொடக்கத்தில் தோற்று, நள்ளிரவுக் காட்சிகளால் உயிர்பெற்றது. யங் ஃபிராங்கன்ஸ்டைனுக்கு அப்படியொரு மறுபிறப்பு தேவைப்படவில்லை. அதன் மதிப்பு சீராக ஏறியது. அமெரிக்கத் திரைப்பட நிறுவனம் 2000-ல் வெளியிட்ட நூறு சிறந்த நகைச்சுவைப் படங்களின் பட்டியலில் 13-ஆம் இடம் பெற்றது. அதில் பிளேசிங் சேடில்ஸுக்கு 6-ஆம் இடம். 2003-ல் அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. தான் எடுத்தவற்றில் மிகச் சிரிப்பான படம் இதுவல்ல, ஆனால் மிகச் சிறந்த படம் இதுதான் என்று புரூக்ஸ் சொல்லிவந்தார். 1974-ன் பாராட்டுரைகள் சொன்னதும் இதற்கு அருகில்தான்.

படத்தின் தாக்கம் எதிர்பாராத இடத்திலும் தெரிந்தது. ஐகோர் தன்னைப் பின்பற்றி நடக்கச் சொல்லும் காட்சியைப் பார்த்த ஏரோஸ்மித் ராக் குழுவினர் அதிலிருந்தே 1975-ல் வெளியான ‘வாக் திஸ் வே’ பாடலுக்குத் தலைப்பைப் பிடித்தார்கள்.

புரூக்ஸே பின்னர் எடுத்த படங்கள் மறைமுகமாக இதன் பெருமையை உயர்த்தின. 1995-ல் அவர் இயக்கிய டிராகுலா: டெட் அண்ட் லவிங் இட், அதே யுனிவர்சல் மரபைக் கையில் எடுத்தும் விமர்சகர்களிடமும் வசூலிலும் தோற்றது. அதில் வைல்டரின் எழுத்தும் இல்லை, கறுப்பு வெள்ளையும் இல்லை. நடிகராகப் புரூக்ஸ் திரையில் இருந்தார்.

மேடை வடிவம்

தி புரொடியூசர்ஸ் 2001-ல் இசை நாடகமாகி 12 டோனி விருதுகளை வென்ற பிறகு, இப்படமும் மேடையேறியது. சூசன் ஸ்ட்ரோமன் இயக்கத்தில் 2007 நவம்பரில் பிராட்வேயில் தொடங்கிய நாடகத்துக்குக் கலவையான விமர்சனங்களே வந்தன. 2009 ஜனவரியில் அது முடிவுக்கு வந்தது. ஆரவாரம் அதிகம், படத்தின் நளினம் குறைவு என்பது பொதுவான முறையீடு. நீளத்தைக் குறைத்து, பாடல்களை மாற்றி, சிறிய அரங்குக்கு ஏற்ப அமைத்த வடிவம் 2017 அக்டோபரில் லண்டன் கேரிக் அரங்கில் மேடையேறியபோது நல்ல பெயர் வாங்கியது. 1974-ல் தொகுப்பறையில் வெட்டித் தள்ளியதால் படம் தேறியது. நாடகமும் அதே வழியில்தான் தேறியது.